டர்போ வண்டிக்கு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு: காஸ்ட் அயர்னா, ஸ்டெயின்லெஸ் பைப்பா?

நாலுசிலிண்டர்:
எல்லாருக்கும் வணக்கம், பெரிய குழப்பத்துல இருக்கேன், தெரிஞ்சவங்க வழி சொல்லுங்க. என் வண்டி 2 லிட்டர் நாலு சிலிண்டர் பெட்ரோல் டர்போ, வாங்கும்போது 200 குதிரைத்திறன். இப்ப ஒரு சைஸ் பெரிய டர்போ வாங்கி வச்சிருக்கேன், 300 பக்கம் வந்தா போதும், அதுக்கு மேல ஆசை இல்ல. தினமும் வேலைக்குப் போறது இதே வண்டிலதான், ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ டிராக்குக்கு எடுத்துட்டுப் போவேன்.

எஞ்சின்லேர்ந்து வர்ற புகைய சேத்து டர்போவுக்குக் கொண்டு போற மேனிஃபோல்டு இப்ப காஸ்ட் அயர்ன், அதுல க்ராக் விட்டுடுச்சு. காலைல ஸ்டார்ட் பண்ணினா டிக் டிக்னு சத்தம், அஞ்சு நிமிஷத்துல சூடு ஏறினதும் தானா நின்னுடும், அதனால ரொம்ப நாளா வால்வு டேப்பட் சத்தம்னே நெனச்சிட்டு இருந்தேன். ஹீட் ஷீல்டைக் கழட்டிப் பாத்தாதான் தெரிஞ்சுது, ரெண்டாவது போர்ட்டுக்கும் மூணாவது போர்ட்டுக்கும் நடுவுல முடி கனத்துக்கு ஒரு கோடு, அதை ஒட்டி கரி படிஞ்சிருக்கு. மாத்தித்தான் ஆகணும். அதே மாதிரி காஸ்ட் ஒண்ணு வாங்கிடலாமா, இல்ல நாலு ரன்னரும், அதாவது ஒவ்வொரு சிலிண்டர்லேர்ந்தும் வர்ற குழாயும், ஒரே நீளத்துல இருக்கிற ஸ்டெயின்லெஸ் பைப் மேனிஃபோல்டுக்கு போயிடலாமா? பைப் போட்டா மட்டுமே 50 குதிரைத்திறன் ஏறும்னு விக்கிறவங்க சொல்றாங்க, மனசு அதுலயே நிக்குது.

கரிப்புகை:
ப்ரோ, மொதல்ல டர்போவப் பத்தி சொல்லுங்க. போல்ட் போட்டு மாட்டுற ஃபிளேஞ்ச் என்ன அளவு, டர்போவுக்குள்ள புகை போற வழி ஒண்ணா (சிங்கிள் ஸ்க்ரோல்) ரெண்டா (ட்வின்), அதிகப் புகைய டர்பைன் பக்கம் விடாம திருப்பி விடுற வேஸ்ட்கேட் உள்ளயே இருக்கா வெளிய தனியா போடணுமா? இது தெரியாம மேனிஃபோல்டு வாங்கினா ரெண்டாவது தடவையும் வாங்க வேண்டி வரும்.

நாலுசிலிண்டர்:
டி3 ஃபிளேஞ்ச், சிங்கிள் ஸ்க்ரோல், வேஸ்ட்கேட் டர்போவுக்குள்ளயே இருக்கு. பழைய மேனிஃபோல்டும் டி3 தான், அப்படியே உக்காந்துடும்.

பற்றவைப்பவன்:
அப்படின்னா யோசிக்கவே வேணாம் தம்பி, காஸ்ட் போடுங்க. நான் பைப் மேனிஃபோல்டு செஞ்சு குடுக்கிற ஆளு, நானே சொல்றேன்.

காரணம் சூடு. பெட்ரோல் டர்போவுல மேனிஃபோல்டுக்குள்ள போற புகை 900 டிகிரியத் தொடும், ஆனா அந்த மேனிஃபோல்டு மாட்டியிருக்கிற அலுமினிய சிலிண்டர் ஹெட்டு தண்ணி ஓடுறதால 100 டிகிரி பக்கத்துலயே நிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒரு மீட்டருக்கு ஒவ்வொரு டிகிரிக்கும் 18 மைக்ரான் நீளும். ஒரு ரன்னர் 40 செமீ இருக்குன்னு வைங்க, 700 டிகிரி ஏறினா 5 மிமீ நீண்டுடும். ஒரு பக்கம் ஹெட்டு ஃபிளேஞ்சை அசைய விடாது, இன்னொரு பக்கம் டர்போ கனமா தொங்குது, நடுவுல அந்த 5 மிமீ எங்க போகும்? வெல்டுலதான் போய் நிக்கும். ஒவ்வொரு தடவ சூடாகி ஆறும்போதும் இதே கததான். காஸ்ட் அயர்ன் இதைவிட கம்மியா நீளும், ரன்னரும் குட்டையா தடிமனா இருக்கும், டர்போவோட எடையயும் தாங்கிக்கும்.

நான் மொத மொத செஞ்ச மேனிஃபோல்டு 1.6 மிமீ பைப்பு. பாக்க அவ்ளோ அழகா இருந்துச்சு. ஆறு மாசத்துல திரும்பி வந்துச்சு, நாலு ரன்னரும் ஒண்ணு சேர்ற கலெக்டர்ல, நாலுக்கும் நட்டநடுவுல இருக்கிற அந்த சின்ன முக்குல வெடிச்சு, அங்கேர்ந்து கோடு ரெண்டு பக்கமும் ஓடியிருந்துச்சு. உள்ள எட்டிப் பாத்தா வெல்டு சக்கரை கொட்டின மாதிரி பொரிபொரியா இருக்கு, ஏன்னா நான் பைப்புக்குள்ள வெல்டுல காத்து படாம காக்குற ஆர்கான் வாயு விடாம வெளிப்பக்கம் மட்டும் பாத்து அடிச்சிருந்தேன். அன்னிலேர்ந்து உள்ள ஆர்கான் விடாம ஒரு வெல்டு கூட அடிக்கிறதில்ல, 1.5 இன்ச் ஷெட்யூல் 10 (ஷெட்யூல்னா பைப் சுவரோட கனத்தச் சொல்ற நம்பர்) வளைவுதான் எடுக்கிறேன், அது 2.77 மிமீ கனம், டர்போ பெருசா இருந்தா ஷெட்யூல் 40, அது 3.68 மிமீ. அப்புறம் டர்போவ எஞ்சின் பிளாக்கோட பிடிச்சு நிறுத்த ஒரு பிராக்கெட் இல்லாம அனுப்பவே மாட்டேன்.

ஸ்டெயின்லெஸ்ல 304 ரகம் நல்லதா 321 ரகம் நல்லதான்னு கேப்பீங்க. 304 ஸ்டீல் 425 டிகிரிக்கும் 850 டிகிரிக்கும் நடுவுல ரொம்ப நேரம் கெடந்தா அதுல இருக்கிற கார்பன் குரோமியத்தோட சேர்ந்து ஸ்டீலுக்குள்ள இருக்கிற பொடிப்பொடி மணிகளோட ஓரத்துல படிஞ்சிடும், அந்த ஓரம்தான் அப்புறம் விட்டுப் போகும். 321ல டைட்டானியம் கலந்திருக்கு, கார்பன அது புடிச்சு வச்சுக்கும். காசு இருந்தா 321. ஆனா மெல்லிசா இருக்கிற 321ஐ விட கனமான 304 ரோட்டு வண்டிக்கு நல்லா உழைக்கும், இது என் அனுபவம்.

ரெட்லைன்:
அண்ணா சொல்றது ரோட்டு வண்டிக்கு சரி, ஆனா பைப் மேனிஃபோல்டே வேஸ்ட்னு யாரும் எடுத்துக்க வேணாம். நான் டிராக்குக்கு மட்டுமே ஓட்டுறேன், 4500 ஆர்பிஎம்முக்கு கீழ வண்டி இறங்குறதே இல்ல, அங்க ஒரே நீள ரன்னர் நிஜமாவே வேலை செய்யுது. அதைவிட பெரிய வித்தியாசம் ட்வின் ஸ்க்ரோல். நாலு சிலிண்டர்ல ஃபயரிங் 1-3-4-2. ஒண்ணாவது சிலிண்டரோட எக்ஸாஸ்ட் வால்வு இன்னும் முழுசா மூடல, அதுக்குள்ள மூணாவதோட வால்வு திறந்து புகைய பலமா தள்ளும், ஒரே குழாய்னா அது ஒண்ணாவதுக்குள்ளயே திரும்பி போகப் பாக்கும். 1,4 ஒரு பக்கம், 2,3 ஒரு பக்கம்னு பிரிச்சு டர்பைன் (டர்போவுக்குள்ள புகை சுத்த வைக்கிற சக்கரம்) வரைக்கும் கொண்டு போனா இந்தத் தொல்லை இல்ல, பூஸ்ட்டும் (டர்போ எஞ்சினுக்குத் தள்ளுற காத்தழுத்தம்) சீக்கிரம் வரும். ஆனா உங்க டர்போ சிங்கிள் ஸ்க்ரோல், அதுக்குப் போய் பிரிச்ச மேனிஃபோல்டு வாங்கினா பிரயோஜனமே இல்ல.

50 குதிரைத்திறன் கதைய நம்பாதீங்க. உங்க மேனிஃபோல்டு அடைக்குதான்னு அளந்தே பாத்துடலாம். டர்பைனுக்கு முன்னாடி ஒரு சின்ன துளை போட்டு, ஒரு மீட்டர் செப்புக்குழாய சுருட்டி மாட்டி, ஆறின காத்த கேஜுக்கு விடுங்க. பூஸ்ட் 1 பார் இருக்கும்போது அங்க 1.2, 1.3 பார் காட்டினா ஒரு குறையும் இல்ல. 2 பாருக்கு மேல போச்சுன்னா எங்கயோ திணறுது, அப்பவும் பெரும்பாலும் டர்பைன் ஹவுசிங்தான் சின்னதா இருக்கும், மேனிஃபோல்டு இல்ல.

இன்னொண்ணு, பின்னாடி எப்பவாவது வெளி வேஸ்ட்கேட்டுக்கு போனீங்கன்னா அது கெளம்புற இடத்தப் பாருங்க. எனக்கு ரன்னர்ல செங்குத்தா ஒட்டி வச்சிருந்தாங்க, 0.7 பார்ல திறக்கிற ஸ்பிரிங் போட்டும் 6000 ஆர்பிஎம்ல பூஸ்ட் 1.1 வரைக்கும் தானா ஏறிட்டே போச்சு. புகை போற திசைலயே சாஞ்சு பிரியிற மாதிரி வெட்டி ஒட்டினதுக்கு அப்புறம்தான் அடங்குச்சு.

கரிப்புகை:
கம்பெனிக்காரங்களே புகை போற வழிய குறைச்சிட்டேதான் வர்றாங்க. ஃபோர்டு 1.0 ஈக்கோபூஸ்ட்ல மேனிஃபோல்டு ஹெட்டோடயே சேத்து வார்த்தது, ஃபோக்ஸ்வேகன் ஈஏ888 மூணாவது தலைமுறைலயும் அப்படித்தான், சுத்தி கூலன்ட் ஓடும்.

மாட்டும்போது ரெண்டு விஷயம். புது காஸ்ட்னாலும் ஃபிளேஞ்ச் மேல நேர்க்கோல் வச்சுப் பாருங்க, 0.1 மிமீ ஃபீலர் கேஜ் உள்ள நுழைஞ்சா மிஷின் ஷாப்ல ஒரு தடவ மட்டம் புடிச்சிட்டு மாட்டுங்க, காஸ்கெட் பாத்துக்கும்னு விடாதீங்க. டர்போ பெருசாகுது இல்லையா, ஆயில் ரிட்டர்ன் பைப்பு எங்கயும் மேல ஏறாம நேரா கீழ இறங்குதான்னு பாருங்க, ஆயில் தன் எடைலதான் கீழ வடியும், வழில தேங்கினா டர்போ சீல் வழியா கசிஞ்சு நீலப்புகை வரும். ஹீட் ராப் (சூடு தாங்குற துணி நாடா) சுத்தாதீங்க, சூட்ட உள்ளயே அடைச்சு மறுபடி க்ராக் விட வைக்கும், பழைய ஷீல்டையே மாட்டுங்க.

நாலுசிலிண்டர்:
ரொம்ப நன்றி, குழப்பம் தீந்துடுச்சு. காஸ்டே ஆர்டர் சொல்லிட்டேன். இன்னும் ஒரே ஒரு கேள்வி, மேனிஃபோல்ட ஹெட்டோட பிடிக்கிற பழைய ஸ்டட் எட்டுல ரெண்டு துருப்பிடிச்சு நட்டோடயே சுத்தி வெளிய வருது, மீதி ஆறு நல்லாத்தான் இருக்கு. ரெண்டு மட்டும் மாத்தினா போதுமா?

பற்றவைப்பவன்:
எட்டையும் மாத்துங்க தம்பி. அந்த ஆறும் அதே சூட்டுல வெந்ததுதான், புது மேனிஃபோல்டு மாட்டி இறுக்கும்போது ஒண்ணு ஹெட்டுக்குள்ள ஒடிஞ்சா ட்ரில் போட்டு எடுக்கணும், அந்த இடத்துல கையே போகாது. நட்டு செம்பு பூசினதா வாங்குங்க, நடுவுலேர்ந்து ஆரம்பிச்சு வெளிய வெளிய இறுக்குங்க, ரெண்டு மூணு தடவ வண்டி நல்லா சூடாகி ஆறினதும் திரும்ப ஒரு தடவ டார்க் ரெஞ்சு வச்சுப் பாத்துடுங்க.