சமயங்களைப் பற்றிய பாடம்: ஆசிரியர்களின் ஆலோசனை தேவை

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம். அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு மாணவர்களுக்காக உலகச் சமயங்களைப் பற்றிய பாடம் ஒன்றைத் தயாரித்து வருகிறேன். ஒரு சமயத்தைப் போதிப்பது வேறு, சமயங்களைப் பற்றிக் கற்பிப்பது வேறு. 1963இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அபிங்டன் வழக்கில், அரசுப் பள்ளிகளே நடத்திய பைபிள் வாசிப்பைத் தடை செய்தபோதும், சமயங்களை வரலாற்று நோக்கிலும் ஒப்பீட்டு நோக்கிலும் படிப்பதற்குத் தடையில்லை என்றே கூறியது. பள்ளிகளில் சமயங்களைப் பற்றிக் கற்பிப்பதற்காக, ஐரோப்பியப் பாதுகாப்பு, ஒத்துழைப்பு அமைப்பு 2007இல் வெளியிட்ட டொலேடோ வழிகாட்டு நெறிகளும் இத்தகைய கல்வியை ஆதரிக்கின்றன.

கொள்கை தெளிவாக இருந்தாலும் நடைமுறையில்தான் தடுமாறுகிறேன். "முஸ்லிம்கள் ரமலான் மாதத்தில் நோன்பு இருப்பார்கள்" என்று எழுதினால், நோயாளிகளுக்கும் பயணிகளுக்கும் விலக்கு உண்டு என்பது மறைந்துபோகிறது. அதையெல்லாம் சேர்த்தாலோ சிறுவர்களுக்குப் பாடம் கனத்துவிடுகிறது. அதைவிடக் கவலை தருவது, ஒரு சமயத்தின் பெயரைச் சொன்னதும் வகுப்பு முழுவதும் அச்சமயத்தைச் சேர்ந்த ஒரே மாணவியைத் திரும்பிப் பார்ப்பதும், அவள் தலைகுனிந்து பென்சிலை உருட்டத் தொடங்குவதும்தான். எந்தக் குழந்தையையும் தன் சமயத்துக்குச் சாட்சி சொல்லும் நிலையில் நிறுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இத்தகைய வகுப்பை நடத்திய அனுபவமுள்ளவர்கள், எந்தச் சமயத்தையும் பின்பற்றாத குடும்பங்களின் பிள்ளைகளையும் உள்ளடக்கும் பயிற்சித்தாள்கள் இருந்தால் பகிர வேண்டுகிறேன். "எந்தச் சமயம் உண்மையானது?" என்று மாணவர் கேட்கும்போது நீங்கள் எவ்வாறு பதிலளித்தீர்கள், பெற்றோருக்கு முன்கூட்டியே என்ன எழுதி அனுப்பினீர்கள் என்பதையும் அறிய விரும்புகிறேன். பெற்றோருக்கான கடிதத்தின் மாதிரி கிடைத்தால் பேருதவியாக இருக்கும். அதைத்தான் முதலில் அனுப்ப வேண்டியுள்ளது.