டம்ஃப்ரீஸின் குளோப் விடுதியில் ஒரு மதியம்

கிளாஸ்கோவில் ஆறு ஆண்டுகளாகக் குடியிருந்தும், ஒரு பப்பின் கதவைத் தள்ளிக்கொண்டு நானாக விரும்பி உள்ளே போனது டம்ஃப்ரீஸ் நகரில்தான் முதல் முறை. அதற்கு முன், உடன் வேலை பார்த்தவர்களின் பிரிவு விருந்துக்கென்று இரண்டொரு முறை போயிருக்கிறேன். அவையெல்லாம் பெரிய திரையில் கால்பந்து ஓடும் இரைச்சலான இடங்கள். டம்ஃப்ரீஸுக்கு நானும் என் கணவரும் ஒன்றரை மணி நேரம் காரில் சென்றதே, 1610 முதல் இருந்துவரும் குளோப் இன் என்னும் விடுதியையும், அங்கே ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் வழக்கமாக அமர்ந்ததாகக் காட்டப்படும் நாற்காலியையும் பார்ப்பதற்காகத்தான்.

நகரின் ஹை ஸ்ட்ரீட் நடந்து செல்பவர்களுக்கான தெரு. அதன் நடுவில், 1707இல் கட்டப்பட்ட மிட்ஸ்டீப்பிள் என்ற கோபுரக் கட்டடம் நிற்கிறது. 1796 ஜூலையில், 37 வயதில் பர்ன்ஸ் இறந்தபோது, அடக்கத்துக்கு முந்தைய இரவு அவருடைய உடலை அங்கேதான் வைத்திருந்தார்கள். விடுதியோ தெருவைப் பார்த்து நிற்கவில்லை. கடைகளுக்கு இடையே புகும் ஒரு குறுகிய சந்துக்குள் ஒதுங்கியிருப்பதால், பெயர்ப்பலகையைத் தேடிக்கொண்டே இரண்டு முறை கடந்து போய்விட்டோம்.

உள்ளே தாழ்வான கூரை, மரப்பலகை அடித்த சுவர்கள், நாலைந்து பேருக்கு மேல் உட்கார முடியாத சிறு அறைகள். மேசையில் அமர்ந்தால் யாராவது வந்து கேட்பார்கள் என்று நாங்கள் காத்திருந்தது வீண். இங்கே நாமே பார் மேடைக்குச் சென்று, சொல்லி, பணம் கொடுத்து, கோப்பையைக் கையில் ஏந்தி வர வேண்டும். வரிசை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் யார் யாருக்குப் பின் வந்தார் என்பதை அங்கே நிற்கும் அனைவரும் மனத்தில் வைத்திருக்கிறார்கள். முந்தப் பார்த்த என் கணவரைப் பரிமாறுபவர் புன்னகையுடனேயே காக்க வைத்தார்.

திரும்பும்போது காரை ஓட்ட வேண்டியவர் என்பதால் அவர் இஞ்சி பீர் என்னும் குளிர்பானம் கேட்டார். ஸ்காட்லாந்தில் வாகனம் ஓட்டுவோருக்கான மது வரம்பு 2014 முதல் 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் என்று குறைக்கப்பட்டுவிட்டதால், ஒரு கோப்பைதானே என்று யாரும் துணிவதில்லை. விஸ்கி கேட்டது நான். பரிமாறுபவர் அதை என் கணவர் பக்கமும் குளிர்பானத்தை என் பக்கமும் நகர்த்தினார். நாங்கள் மாற்றிக்கொண்டதும் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஒரு சிறு குடுவைத் தண்ணீரை என் முன்னே வைத்தார். உள்ளூர்ச் சரக்காக அவர் ஊற்றியது அன்னன்டேல் வடிப்பாலையின் 'மேன் ஓ வேர்ட்ஸ்', அதாவது சொற்களின் மனிதன். பர்ன்ஸை நினைத்து வைத்த பெயர். புகைவாடை இல்லாத விஸ்கி. சில துளித் தண்ணீர் விட்டதும் தொண்டையைக் கீறாமல் இறங்கியது. பர்ன்ஸ் இப்பகுதியில் மதுவுக்கு வரி வசூலித்த கலால் அதிகாரி என்பதை நினைக்கும்போது அந்தப் பெயரில் ஒரு குறும்பு தெரிகிறது. போதாததற்கு, கலால் அதிகாரியைப் பிசாசு தூக்கிப் போனதை ஊரே கொண்டாடுவதாக அந்த வேலையில் இருந்துகொண்டே பாட்டெழுதியவர் அவர்.

நாற்காலி கணப்புக்கு அருகில் இருக்கிறது. அதில் யார் வேண்டுமானாலும் அமரலாம். ஆனால் அமர்ந்தவர் பர்ன்ஸின் கவிதையிலிருந்து ஒரு வரியாவது ஒப்பிக்க வேண்டும், தவறினால் அங்கிருக்கும் அனைவருக்கும் மது வாங்கித் தர வேண்டும் என்பது அவ்விடத்து வழக்கம். நான் வழியெல்லாம் மனப்பாடம் செய்த ரோஜாப் பாட்டின் முதல் இரண்டு வரிகளைச் சொன்னேன். என் ஆங்கில உச்சரிப்பில், பர்ன்ஸ் எழுதிய ஸ்காட்ஸ் மொழி என்ன பாடுபட்டதோ தெரியவில்லை, மூலையில் நாயோடு அமர்ந்திருந்த ஒரு முதியவர் ரகரத்தை நாக்கை உருட்டிச் சொல்லிக் காட்டி, என்னைத் திரும்பச் சொல்ல வைத்த பிறகே கை தட்டினார்.

பிறகு அவர் சொன்னதுதான் அந்த மதியத்தின் போக்கை மாற்றியது. ரோஜாப் பாட்டை எங்கே வேண்டுமானாலும் பாடலாம், இந்த விடுதிக்கென்று பர்ன்ஸ் எழுதிய பாட்டு வேறு என்றார். அது இங்கே பரிமாறும் வேலை பார்த்த அன்னா பார்க் என்ற பெண்ணைப் பற்றியது. தாம் எழுதிய காதல் பாடல்களில் அதுவே சிறந்தது என்று பர்ன்ஸே கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். அன்னாவுக்கும் பர்ன்ஸுக்கும் 1791 மார்ச் 31 அன்று எலிசபெத் என்ற மகள் பிறந்தாள். ஒன்பது நாள் கழித்து, ஏப்ரல் 9 அன்று, மனைவி ஜீன் ஆர்மர் ஒரு மகனைப் பெற்றார். ஜீன் அந்தப் பெண் குழந்தையையும் தம் பிள்ளைகளோடு சேர்த்து வளர்த்தார்.

கூட்டம் குறைந்திருந்ததால், பரிமாறுபவர் எங்களை மாடிக்கும் அழைத்துச் சென்றார். பர்ன்ஸ் வைர முனையால் கவிதை கீறிய ஜன்னல் கண்ணாடிகள் அங்கே இருக்கின்றன. வெளிச்சத்துக்கு எதிரே தலையைச் சாய்த்துப் பார்த்தால்தான் எழுத்துகள் எழும்பி வருகின்றன. என் கணவர் படம் எடுக்க முயன்று தோற்றார். கண்ணாடியில் அவர் முகம்தான் விழுந்தது. எனக்கோ கண்ணாடியைவிட, கீழே பார்த்த பார் மேடையின் நினைவே பெரிதாக இருந்தது. நாற்காலி, ஜன்னல், விஸ்கி பாட்டிலின் மேல் பெயர் என்று எல்லாவற்றிலும் கவிஞர் இருக்க, கோப்பைகளைச் சுமந்தவளைப் பற்றி நான் அறிந்தது நாய்க்காரர் சொன்னதால் மட்டுமே. அவர் அன்று வராமல் இருந்திருந்தால், மகிழ்ச்சியாகப் படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருப்பேன்.

விடுதியிலிருந்து சற்றுத் தூரத்தில் பர்ன்ஸ் இறந்த வீடு உள்ளது. கணவருக்குப் பின் 38 ஆண்டுகள், 1834இல் தாம் இறக்கும்வரை ஜீன் அங்கேயே வாழ்ந்தார். நாங்கள் போனபோது மூடியிருந்ததால் வெளியே நின்று பார்த்துவிட்டுக் காருக்குத் திரும்பினோம்.

அன்றிரவு வீட்டுக்கு வந்ததும் அந்தப் பாட்டைத் தேடிப் படித்தேன். பாதிச் சொற்களுக்கு அகராதி தேவைப்பட்டது. ஒரு பைன்ட் வைன் வருகிறது, யாரும் பார்க்காத இடம் வருகிறது, பொன்னிறக் கூந்தல் வருகிறது, திருச்சபையும் அரசும் நரகத்துக்குப் போகட்டும் என்ற சவாலும் வருகிறது. அன்னா மட்டும் அதில் ஒரு சொல்லும் பேசவில்லை.