வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகைக்கு எழுதிப்போட்டவர்கள் வாருங்கள்: ராமநாதபுரம் கடலோர அனுபவங்கள்

தங்கச்சிமடத்திலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். நான் பி.ஏ. வரலாறு முடித்தவள். அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர், சொந்தப் படகு கிடையாது. தமிழக அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை எனக்கு 2023 கடைசியிலிருந்து வருகிறது. எங்கள் தெருவில் என்னோடு படித்தவர்களில் இதற்கு எழுதிப்போட்டது நான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாம் "அதை எப்பவோ நிறுத்திட்டாங்க" என்று யாரோ சொன்னதைக் கேட்டு விட்டுவிட்டார்கள். நிறுத்தவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தொகை பெரிதில்லை. பத்தாவது தவறியவர்களுக்கு மாதம் 200 ரூபாய், பத்தாவது தேறியவர்களுக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டப்படிப்புக்கு 600. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேங்க் கணக்கில் ஏறும். எனக்கு 1,800 வரும். மூன்று வருடம் தருவார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 வருடம் முடிந்திருக்க வேண்டும், பதிவு உயிரோடு இருக்க வேண்டும். குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. வயது 40க்குள், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 45க்குள். ரெகுலர் காலேஜில் படித்துக்கொண்டு வாங்க முடியாது, அஞ்சல் வழியில் படிக்கலாம். சம்பளத்துக்கு வேலை பார்த்தாலோ சொந்தத் தொழில் செய்தாலோ கிடையாது.

இப்போது என் கதை. டிகிரி மார்க் ஷீட் வந்ததும் 2018இல் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பதிந்தேன். பதிவு எண்ணோடு ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள், லேமினேஷன் போட்டு பீரோவில் வைத்துவிட்டேன். மூன்று வருடம் கழித்துப் புதுப்பிக்கப் போனால் உள்ளே நுழையவே முடியவில்லை. பாஸ்வேர்ட் எனக்குத் தெரியாது. பதிவில் இருந்த செல் நம்பரும் என்னுடையது இல்லை. அவசரத்தில் அந்தக் கடைக்காரர் தன் நம்பரைப் போட்டிருக்கிறார், கடையையும் காலி பண்ணிவிட்டுப் போயிருந்தார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. புதுப்பிக்கும் மாதம் தாண்டிவிட்டால் மூன்று வருட சீனியாரிட்டியும் போய்விடும் என்று பயம்.

மறுநாள் காலையிலேயே பஸ் ஏறி ராமநாதபுரம் மாவட்ட வேலைவாய்ப்பு மையத்துக்குப் போனேன். ஆதார், ரேஷன் கார்டு, ஒரிஜினல் மார்க் ஷீட் எல்லாம் கையில் இருந்தன. அங்கே இருந்த அக்கா ஒருவர் எல்லாவற்றையும் சரிபார்த்து என் நம்பரை மாற்றிக் கொடுத்து, அங்கேயே புதுப்பித்தும் கொடுத்தார். "இனிமே பாஸ்வேர்டை உன் கைப்பட எழுதி வைம்மா" என்றார். பழைய நோட்டு அட்டையின் உள்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

5 வருடம் முடிந்ததும் 2023இல் விண்ணப்பம் வாங்கப் போனேன். அது இலவசம், வேலைவாய்ப்பு அலுவலக அடையாள அட்டையைக் காட்டினால் கொடுக்கிறார்கள். அந்தச் சமயம் பாம்பன் பாலத்தில் ரயில் ஓடவில்லை, பஸ்ஸில்தான் போக வேண்டும். விண்ணப்பத்தில் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் கையெழுத்துப் போட்டு முத்திரை வைக்க வேண்டும். வருமானம் எழுதும் இடத்தில்தான் நான் திணறினேன். படகில் போகிறவருக்கு மாதச் சம்பளம் ஏது? வாரத்துக்கு 3 நாள்தான் விசைப்படகு கடலுக்குப் போகும். மீன் பாடு இருந்தால் பங்கு, இல்லாவிட்டால் வெறுங்கை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்புறம் காற்று, புயல் எச்சரிக்கை, கரையில் நடக்கும் ஸ்ட்ரைக் என்று போகாத நாள் எத்தனையோ.

அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கிராம நிர்வாக அலுவலர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, "போன வருசம் எத்தனை நாள் கடலுக்குப் போனீங்க?" என்று கேட்டார். அப்பா மாத வாரியாக விரல் மடக்கி எண்ணிச் சொல்லச் சொல்ல அவர் பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தார். ஐப்பசி, கார்த்திகை வந்தபோது அப்பாவின் விரல் மடங்கவே இல்லை. அவர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அந்த மாதங்களுக்கு நேராகக் கோடு போட்டார். கடைசியில் கூட்டிப் பார்த்தபோது 72,000ஐ எட்டவில்லை. அப்பா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் வருடச் சம்பாத்தியத்தை ஒரே எண்ணாக அவர் பார்த்தது அன்றைக்குத்தான். வீட்டுக்கு வரும்வரை ஒன்றும் பேசவில்லை.

அதனால் சொல்கிறேன், வருமானத்தைக் குத்துமதிப்பாக எழுதாதீர்கள். கடல் நாளை எண்ணிக்கொண்டு போங்கள்.

வாலிநோக்கத்திலிருந்து

தங்கச்சி, நீங்கள் மறுநாளே பஸ் ஏறினீர்கள், நான் ஏறவில்லை. நான் பிளஸ் டூ. பள்ளிக்கூடத்தில் மார்க் ஷீட் கொடுக்கும்போதே ஆன்லைனில் பதிந்து கொடுத்தார்கள். அதற்கப்புறம் திருப்பூர், பிறகு துபாய் என்று போனதில் புதுப்பிக்க வேண்டும் என்பதையே மறந்துவிட்டேன். 2014 முதல் 2019 வரை தவறவிட்டவர்களுக்கு அரசு சிறப்புச் சலுகை ஒன்று கொடுத்தது, 2022 மார்ச் 1 வரை நேரம் இருந்தது. அப்போது நான் துபாயில். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்பி வந்து புதிதாகத்தான் பதிந்தேன். என் 5 வருடம் மறுபடியும் முதலிலிருந்து ஓடுகிறது.

வெளிநாட்டில் இருக்கும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். வேலைவாய்ப்புத் துறையின் இணையதளத்தில் உட்கார்ந்த இடத்திலிருந்தே புதுப்பிக்கலாம், காசு கிடையாது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை 10 நிமிட வேலை. செல்லில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள்.

தேவிபட்டினத்திலிருந்து

என் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே கால் வராது. பிளஸ் டூ படித்திருக்கிறான். அவனுக்கும் 5 வருடம் காத்திருக்க வேண்டும் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டோம். மாற்றுத்திறனாளிகளுக்குப் பதிந்து ஒரு வருடம் முடிந்தாலே போதும், வருமான வரம்பும் கிடையாது என்பது அலுவலகத்தில் கேட்ட பிறகுதான் தெரிந்தது. பத்தாவது வரை மாதம் 600, பிளஸ் டூவுக்கு 750, பட்டதாரிக்கு 1,000 ரூபாய். 10 வருடம் வரை தருகிறார்கள். நாங்கள் தெரியாமல் விட்ட வருடங்களை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. வீட்டில் மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால் நாளைக்கே அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

முதல் பணம் ஏறிய அன்று அவனே பேங்குக்கு வருகிறேன் என்றான். மூன்று சக்கர வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, பாஸ்புக்கில் வரி அடித்ததை வாங்கி இரண்டு தடவை படித்தான். 2,250 ரூபாய். அதில் அம்மாவுக்குக் கண் சொட்டுமருந்து வாங்கிக் கொடுத்தான்.

பாம்பனிலிருந்து

பிள்ளைகளா, ஒரு எச்சரிக்கை. பிரதமர் பெயரைப் போட்டு "வேலையில்லாதவர்களுக்கு மாதம் 6,000 ரூபாய்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் சுற்றுகிறது. 3,500 என்றும் முன்னால் சுற்றியது. அப்படி ஒரு திட்டமே இல்லை, மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே பொய் என்று மறுத்துவிட்டது. என் மருமகள் அதை அமுக்கி ஆதார் நம்பர், பேங்க் நம்பர் எல்லாம் போட்டுவிட்டாள். நல்லவேளை, ஓ.டி.பி. கேட்டபோது என்னிடம் வந்து சொன்னாள். உடனே பேங்குக்கு ஓடினோம், காசு தப்பித்தது. யார் லிங்க் அனுப்பினாலும் அமுக்காதீர்கள்.

இன்னொன்று. தடைக்கால நிவாரணம் வேறு, இது வேறு. அது மீன்வளத்துறை மீனவக் குடும்பத்துக்குக் கொடுப்பது. 5,000 ஆக இருந்ததை 8,000 ஆக்குவதாக 2023இல் மண்டபம் மாநாட்டில்தான் முதலமைச்சர் அறிவித்தார். அந்த விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போய் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

தொண்டியிலிருந்து

பி.இ. முடித்து 6 வருடம் ஆகிறது. எனக்குக் கிடைக்குமா?

தங்கச்சிமடத்திலிருந்து

அண்ணே, இன்ஜினியரிங், மருத்துவம், சட்டம், விவசாயம் மாதிரித் தொழிற்படிப்பு படித்தவர்களுக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் பதிவை மட்டும் விட்டுவிடாதீர்கள். வேலைவாய்ப்பு அலுவலகம் மூலம் பெயர் கேட்கும் பணியிடங்களுக்கு அந்த சீனியாரிட்டி வேண்டும். உதவித்தொகை வாங்கினால் பதிவு ரத்தாகும் என்றும் சிலர் பயமுறுத்துகிறார்கள், அது உண்மையில்லை.

வாலிநோக்கம் அண்ணே, உங்கள் புதிய பதிவில் எந்தத் தேதி போட்டிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். அதிலிருந்துதான் 5 வருடம் எண்ண வேண்டும். வயது 40க்குள் இருந்தால் கணக்குப் போட்டு இப்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள்.

வாங்க ஆரம்பித்தவர்களுக்கு ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். வருடத்துக்கு ஒருமுறை சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் பணம் நின்றுவிடும். எனக்கு இந்த வருடத்துக்கு உரியதை அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இப்போது ரயிலும் ஓடுகிறது. மண்டபம், உச்சிப்புளி பக்கமிருந்து யாராவது அன்றைக்கு வருவதாக இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம். முதல் தடவை வருகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்ப நான் கூட உட்காருகிறேன்.