குனிந்து பார்க்க முடியவில்லை, எப்படிப் பழகினீர்கள்?

எனக்கு கொலாஸ்டமி (பெருங்குடலின் ஒரு முனையை வயிற்றின் வழியே வெளியே கொண்டுவந்து, மலம் ஒரு பையில் சேரும்படி செய்யும் அறுவை சிகிச்சை) செய்து 3 மாதம் ஆகிறது. பை மாற்றுவது கைக்குப் பழகிவிட்டது. மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலி செய்துவிடுகிறேன், கசிவும் இல்லை. ஸ்டோமாவின், அதாவது வயிற்றில் வெளியே தெரியும் அந்தக் குடல் வாயின், வீக்கம் 6 முதல் 8 வாரத்தில் வடியும் என்றார்கள், வடிந்தது. ஆனால் குளிக்கும்போது இன்னும் குனிந்து பார்ப்பதில்லை. சிவப்பாக, ஈரமாக, தொட்டால் வலியே தெரியாத அந்தச் சதை என்னுடையதாகவே தோன்றவில்லை. கணவர் தோளில் கை வைத்தாலும் என் கை முதலில் பையை மூடப் போகிறது. அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

ஸ்டோமாவோடு வாழ்பவர்களே, உங்கள் உடம்பு மறுபடி உங்களுடையதாக எப்போது தோன்றியது? துணையிடம் முதலில் எப்படிக் காட்டினீர்கள்? பைக்கு உறை, இடுப்புப் பட்டை ஏதாவது உதவியதா? "போகப் போகச் சரியாகிவிடும்" என்று மட்டும் வேண்டாம், ப்ளீஸ். உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.