எழுத்துக்குண்டு: மின்தட்டச்சுக்கு ஒரு கலைச்சொல்

அண்ணே, வணக்கம்.

மின்தட்டச்சு வரலாற்றுக்கு நீங்கள் அனுப்பிய சொற்பட்டியலைப் பார்த்தேன். ‘இதழ்ச்சக்கரம்’ (daisy wheel) உட்பட மற்றதெல்லாம் எனக்குச் சம்மதம். செலக்ட்ரிக் மின்தட்டச்சுப் பொறியில் எழுத்துகள் பொறித்த உருண்டைக்கு (typeball) நீங்கள் வைத்த ‘எழுத்துக்கோளம்’ மட்டும் வேண்டாம், ‘எழுத்துக்குண்டு’ என்போம்.

பழைய பொறியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கம்பி. வேகமாக அடித்தால் இரண்டு கம்பிகள் சிக்கிக்கொள்ளும். தாள் சுற்றிய உருளையும் நகர்ந்துகொண்டே போகும். 1961இல் ஐபிஎம் கொண்டுவந்த செலக்ட்ரிக்கில் கம்பியும் இல்லை, உருளையும் நகராது. ஓர் உருண்டைதான் தாளின் குறுக்கே ஊர்ந்து போகும். அதில் 4 வரிசை, வரிசைக்கு 22 என 88 எழுத்துகள்; ஒரு பாதியில் சின்ன எழுத்து, மறுபாதியில் பெரிய எழுத்து. விசையைத் தட்டியதும் உருண்டை சாய்ந்து, திரும்பி, வேண்டிய எழுத்தைத் தாளில் அடிக்கும். மோட்டார் தருவது ஓட்டம் மட்டுமே. எந்த எழுத்து என்று தேர்ந்தெடுப்பது முழுக்க நெம்புகோல்களின் வேலை. இந்த நுட்பம் கட்டுரையில் விரிவாக வர வேண்டும், அவ்வளவு அருமையான வேலைப்பாடு.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் அந்த உருண்டையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மேலே இருக்கும் சின்ன நெம்பைத் தூக்கினால் உருண்டை கையோடு வந்துவிடுகிறது. பிளாஸ்டிக் மேல் உலோகப் பூச்சு, கனமே இல்லை. வேறு எழுத்துரு வேண்டுமா, வேறு உருண்டையை மாட்ட வேண்டியதுதான். அப்படிக் கழற்றி மாட்டுகிற சாமானைக் கோளம் என்று யார் சொல்வார்கள்? ‘குண்டை மாத்து’ என்றுதான் வாயில் வரும்.

‘குண்டு’ என்றால் வெடிகுண்டு நினைவுக்கு வரும் என்று ஆச்சி எழுதியிருந்தார்கள். குண்டூசி, குண்டுமணி, குண்டு எறிதல் எல்லாம் புழக்கத்தில் இருக்கின்றன. தாலிக்கொடியில் கோக்கும் பொன்மணியும் குண்டுதானே ஆச்சி! ஆனால் ‘குண்டு எழுத்து’ என்று சொல் இடம் மாறினால் பருத்த கையெழுத்து ஆகிவிடும். அதை மட்டும் பார்த்துக்கொள்வோம்.

‘எழுத்துருளை’ நல்ல சொல், ஆனால் இதற்கு அல்ல. பிளிக்கன்ஸ்டர்ஃபர் என்ற தட்டச்சுப் பொறியில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே உருளை வடிவ அச்சு வந்துவிட்டது. அதற்கு ஒதுக்கி வைப்போம்.

*

தம்பி,

கழற்றி மாட்டும் சாமான் என்றீர்களே, அது சரி. எழுத்துக்குண்டு என்றே போட்டுவிடுகிறேன். அதைத் தாங்கி ஊர்ந்து போகும் பகுதிக்கு இன்னும் சொல் இல்லை. ‘குண்டுதாங்கி’ என்றால் ஆச்சி சொன்ன பயம் நிஜமாகிவிடும். ‘எழுத்தூர்தி’ பொருந்துமா?