மறு: பானைமூடி வேண்டாம், சிமிழ்மூடி

> 'பாட்லிட்' என்பதற்குப் பானைமூடி என்றே வைத்துக்கொள்ளலாமே? சொல்லுக்குச் சொல் சரியாக இருக்கிறது.

ஐயா, வணக்கம். பழைய மூடிகள் சேகரிப்போருக்கான நம் கலைச்சொல் பட்டியலின் வரைவைப் பற்றி எழுதுகிறேன்.

சொல் சரி, பொருள் தவறிவிடுகிறது. பானைமூடி என்றால் உலைப்பானையும் அதன்மேல் தட்டும்தான் கண்ணில் நிற்கும். நாம் பேசுவது 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தலைமுடிக்குப் பூசும் கரடிக் கொழுப்பு, பற்பசை, இறால் விழுது எல்லாம் அடைத்து விற்ற சின்னப் பீங்கான் கலங்களின் மூடி. பெரும்பாலும் உள்ளங்கையில் அடங்கும். மைச்சிமிழ், குங்குமச்சிமிழ் என்று நம் வீட்டிலேயே சொல் இருக்கிறதே! சிமிழ்மூடி என்போம். 'செப்பு' என்றும் யோசித்தேன். ஆனால் இந்தப் படங்களை அச்சிட்டதே செப்புத் தகட்டிலிருந்துதான். ஒரே பத்தியில் இரண்டு செப்பு வந்தால் படிப்பவர் திண்டாடுவார்.

'டிரான்ஸ்ஃபர் பிரின்ட்' என்பதற்கு நீங்கள் தந்த 'மாற்றச்சு' எனக்கு ஒட்டவில்லை. அங்கே எதுவும் மாறுவதில்லை. ஸ்டாஃபோர்ட்ஷயரின் ஃபென்டனில், பிராட் என்ற பீங்கான் நிறுவனத்துக்காக ஜெசி ஆஸ்டின் செதுக்கிய வண்ணப்படங்களுக்கு நிறத்துக்கு ஒரு தகடு. மெல்லிய தாளில் ஒற்றி, அதைச் சுட்ட மூடியின்மேல் அழுத்திப் பெயர்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் மெருகு, அதாவது கண்ணாடிபோன்ற மேற்பூச்சு. எனவே 'பெயர்ப்பச்சு'. மொழிபெயர்ப்பு பழகிய காதுக்கு இது உடனே விளங்கும். நிறங்கள் விலகாமலிருக்கப் படத்தின் ஓரத்தில் வைத்த சிறு புள்ளிகளைப் 'பொருத்துப்புள்ளி' எனலாம். அசலா என்று பார்ப்பவர்கள் முதலில் தேடுவதில் அதுவும் ஒன்று.

காலக்கணிப்புக்குப் புதுச்சொல் அதிகம் தேவையில்லை. வடிவமைப்பை அரசிடம் பதிந்ததைக் காட்டும் வைர வடிவப் 'பதிவுக்குறி' இருந்தால் அந்த வடிவமைப்பு 1842க்கும் 1883க்கும் இடையில் பதிவானது. 1884 முதல் 'பதிவெண்'. விற்ற கடையின் முகவரி மூடியிலேயே இருந்தால், அந்தக் கடை அத்தெருவில் எந்த ஆண்டுகளில் இருந்தது என்று பழைய வணிக விவரத் திரட்டுகளில் தேடலாம். எனக்குப் பிடித்த வழி இதுதான்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வரைவில் 'பழமை', 'அருமை' (அரிதாகக் கிடைப்பது) இரண்டையும் பட்டியலின் ஒரே பதிவில் சேர்த்திருக்கிறீர்கள். பல ஆண்டுகள் விற்ற ஒரு படம் பழையதாயினும் ஏராளமாகக் கிடைக்கும். சிறிய ஊர் மருந்துக்கடைக்காரர் கொஞ்சமாகச் செய்துகொண்ட கறுப்பெழுத்து மூடி அதைவிடப் பிந்தியதானாலும் அரிதாகலாம். தனித்தனிப் பதிவாக்குங்கள். பழைய தகடுகளிலிருந்தே பிற்காலத்தில் அச்சிட்டவற்றைப் 'போலி' என்பதும் நியாயமில்லை, 'மறுபதிப்பு' போதும். போலி என்ற சொல் ஏமாற்றச் செய்தவற்றுக்கு இருக்கட்டும்.

மெருகில் ஓடும் வலைபோன்ற கீறலுக்கு 'மயிரிழை வெடிப்பு' என்று எழுதியிருக்கிறேன். இதைவிடச் சிறிய சொல் யாரிடமாவது இருந்தால் தாருங்கள்.