பெண்கள் தேசிய செஸ்: ஆறாம் வரிசையை விட்ட ரூக்

மாதுங்கா சேகர்:
பெண்கள் தேசியப் போட்டியில் நேற்று ராஜாக்களும் ரூக்குகளும் ஒரு சிப்பாயும் மட்டும் மிஞ்சிய அந்தக் கடைசிக் கட்டம், ரூக் எண்ட்கேம், பார்த்தீர்களா? வெள்ளைக்கு ஒரு சிப்பாய் கூடுதல், இ5 கட்டத்தில். வெள்ளை ராஜா டி5, ரூக் எச்7. கறுப்பு ராஜா இ8, ரூக் ஏ6. சிப்பாய் முன்னேறும்வரை கறுப்பு ரூக் ஆறாம் வரிசையைக் காத்து, வெள்ளை ராஜாவை அங்கே ஏறவிடாமல் உட்கார்ந்திருந்தாலே டிரா. பிரெஞ்சு செஸ் மேதை பிலிடார் 1777-லேயே எழுதிவைத்த பாடம். கறுப்பில் ஆடிய பெண் ரூக்கை ஏ1-க்கு இறக்கித் தோற்றார். ஆண்கள் போட்டியில் இது நடக்காது.

முலுண்டு கீதா:
கடைசி வரி எதற்கு சேகர் சார்? ரூக் இறங்கிய பிறகும் டிராதான். வெள்ளை ராஜா இ6-க்கு வந்ததும் கறுப்பு ராஜா எஃப்8, ஜி7 என்று, சிப்பாயிலிருந்து பலகை ஓரத்துக்குக் கட்டங்கள் குறைவான குட்டைப் பக்கம் ஒதுங்கியிருக்கணும். அவர் டி8-க்குப் போனார். ஆட்டம் போனது அங்கேதான்.

சேகர்:
ஆறாம் வரிசையை விடாமல் இருந்தால் ராஜா ஓடவே வேண்டாமே!

செம்பூர் பாலா:
அண்ணே, ரூக் இல்லை, அது யானை. எங்கள் தாத்தா காலத்திலிருந்து யானைதான்.

சேகர்:
கோட்டை என்பதுதான் சரி தம்பி. ஆறாம் வரிசைக்கு வா.

கீதா:
நேரலையில் நான் பார்த்தேன். மணிக்கணக்காக ஆடி, கடைசியில் நகர்த்தலுக்குக் கிடைக்கும் 30 விநாடியில்தான் ஓடிக்கொண்டிருந்தார். ஏ1-இல் வைத்த பிறகும் விரல் ரூக்கின் தலையிலேயே இருந்தது. மும்பையில் இருந்துகொண்டா ஆண்கள் போட்டி என்கிறீர்கள்? 1976-இல் 13 வயது ரோஹிணி காடில்கர் ஆண்கள் தேசியப் போட்டியில் ஆடினார். எதிர்ப்பு கிளம்பி விவகாரம் ஐகோர்ட் வரை போனது. பெண்களைத் தடுக்கக்கூடாது என்று உலக செஸ் கூட்டமைப்பின் தலைவர் மாக்ஸ் யூவே சொல்ல வேண்டியிருந்தது. 1974-இல் முதல் பெண்கள் தேசியப் பட்டம் வென்றது ரோஹிணியின் அக்கா வசந்தி. எல்லாம் நம்ம ஊர்ப் பெண்கள்!

சேகர்:
காடில்கர் சகோதரிகளை நான் குறை சொல்லவில்லை. ரூக் ஆறாம் வரிசையை விட்டதா இல்லையா?

பாலா:
போன தீபாவளிக்கு என்னிடம் ஆடினீர்களே, அப்போது உங்கள் யானை எந்த வரிசையில் இருந்தது?

சேகர்:
அது நேரம் முடிந்து தோற்றது. அதை ஏன் இழுக்கிறாய்?

கீதா:
உங்களுக்கு நேரம் முடிந்தால் நேரம், அவருக்கு முடிந்தால் பெண் என்பதாலா? எஃப்8 வைத்துப் பாருங்கள். எச்8-இல் செக், ராஜா ஜி7. அப்புறம் வெள்ளை எப்படி ஜெயிக்கும்? பலகையை எடுங்கள் சார்.

சேகர்:
எடுத்துவிட்டேன். ரூக்கை ஏ6-இல் வைத்திருக்கிறேன். நகர்த்த மாட்டேன்.